இலவசமாக வெளியிட்ட மூலநிரலை வேறொருவர் தன் பெயரில் விற்கலாமா?

கல்முனை நிரலர்:
அரிசி ஆலைகளில் நெல்லை நிறுத்துப் பற்றுச்சீட்டு அச்சிடுவதற்கான சிறு மென்பொருளொன்றை 2019 முதல் இரவு நேரங்களில் எழுதி, 2021இல் அதன் மூலநிரலை (நிரலர் எழுதிய வரிகளை), யாரும் நிபந்தனைகளோடு பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் விடும் ஜிபிஎல் உரிமத்தின் மூன்றாம் பதிப்புடன், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் வெளியிட்டேன். கடந்த மாதம் மாமாவுடன் சம்மாந்துறையில் ஓர் ஆலைக்கு நெல் ஏற்றிப் போனபோது, அங்கே தந்த பற்றுச்சீட்டில் ‘ஈரபதக் கழிவு’ என்று ஒற்று விடுபட்டு அச்சாகியிருந்தது. அந்த எழுத்துப்பிழை என்னுடையது. இன்றுவரை திருத்தாமலே விட்டிருக்கிறேன். ஆலைக் கணினியைப் பார்த்தால் என் பெயரும் இல்லை, உரிமக் கோப்பும் இல்லை. உள்ளூர் நிறுவனமொன்று அதை 45,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறது. விசாரித்தபோது, “இணையத்தில் சும்மா கிடந்ததை எடுத்தோம், பதிவுப் பத்திரம் இருந்தால் காட்டுங்கள்” என்றார்கள். நான் எதையும் பதிவு செய்யவில்லை. எனக்கு ஏதும் உரிமை உண்டா?

வந்தாறுமூலையார்:
உண்டு, தம்பி. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலையும் பாதுகாக்கிறது; எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுவதால் பதிவுப் பத்திரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆக்கத்தில் தன் பெயர் குறிக்கப்பட வேண்டும் என்று கோருவதும் அச்சட்டம் ஆக்கியோனுக்குத் தரும் உரிமைதான்.

ஆனால் அவர்கள் விற்றதைக் குற்றமாகச் சொல்லாதீர்கள். ஜிபிஎல் விற்பனையைத் தடுப்பதில்லை. பிரதியோடு உரிம வாசகத்தையும் பதிப்புரிமைக் குறிப்பையும் சேர்த்துத் தராததும், மூலநிரலைப் பெறும் வழியைக் காட்டாததுமே மீறல். நிபந்தனையை மீறியவருக்கு அனுமதியும் போய்விடும். அனுமதி இல்லாமல் பிரதி வழங்குவது நேரடியான பதிப்புரிமை மீறல்தான். மாதிரி ரயில்களை இயக்கும் திறந்த மென்பொருள் குறித்த ஜேக்கப்சன் எதிர் காட்சர் வழக்கில், இலவச உரிமத்தின் நிபந்தனைகளை மீறினாலும் பதிப்புரிமை வழக்குத் தொடுக்கலாம் என்று அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் கூறியது. அதற்கு முன்பே, 2004இல், லினக்ஸ் என்ற திறந்த இயங்குதளத்தில் வலைப்போக்குவரத்தை வடிகட்டும் நெட்ஃபில்டர் நிரலை எழுதியோரில் ஒருவரான ஹரால்ட் வெல்ட்டே, அந்நிரல் அடங்கிய ரௌட்டர்களை விற்ற சைட்காம் நிறுவனத்துக்கு எதிராக மியூனிக்கில் ஜிபிஎல்லைக் காட்டித் தடையுத்தரவு பெற்றிருந்தார். இவை நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தா, என்றாலும் ‘சும்மா கிடந்தது’ என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

கல்லடி வாசகி:
வந்தாறுமூலையார் சொன்னது சரிதான், ஆனால் அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுமுன் உங்கள் வீட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நிரல் முழுவதும் உங்களுடையதா? வேலை நேரத்தில், வேலையின் பகுதியாக எழுதியிருந்தால், வேறு உடன்படிக்கை இல்லாதவிடத்துப் பொருளாதார உரிமை தொழில்தருநருக்கே சேரும். நண்பர் அனுப்பிய திருத்தங்கள் இருந்தால் அந்தப் பகுதி அவருடையது. லினக்ஸில் யுனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் தன் நிரல் கலந்திருப்பதாக 2003இல் ஐபிஎம்மீது வழக்குத் தொடுத்த எஸ்சிஓ நிறுவனம், அந்த யுனிக்ஸ் பதிப்புரிமை நோவெல் என்ற வேறொரு நிறுவனத்துடையது என்று 2010இல் ஜூரி தீர்ப்பளித்தபோது காலூன்ற இடமில்லாமல் நின்றது.

இன்னொன்று. அவர்கள் மென்பொருளை ஆலையில் நிறுவித் தருகிறார்களா, தங்கள் சேவையகத்தில் வைத்து உலாவி வழியே பயன்படுத்த விடுகிறார்களா? இரண்டாவதென்றால் அது பிரதி வழங்கலாகாது; சாதாரண ஜிபிஎல் அங்கே செல்லாது, அதற்கு, வலைவழிப் பயன்பாட்டுக்கும் மூலநிரலைத் தரச் சொல்லும் ஏஜிபிஎல் உரிமத்தைப் போட்டிருக்க வேண்டும்.

கல்முனை நிரலர்:
அக்கா, ஆலைக் கணினியில்தான் நிறுவியிருக்கிறார்கள். அப்போது நான் எங்கும் வேலைக்குச் சேரவில்லை. அச்சுப்பொறிப் பகுதியை மட்டும் அக்கரைப்பற்று நண்பர் ஒருவர் திருத்தித் தந்தார். அவரும் கையெழுத்திடச் சம்மதித்துவிட்டார்.

வந்தாறுமூலையார்:
அப்படியானால் இருவரும் சேர்ந்து எழுதுங்கள். மூன்றாம் பதிப்பின்படி, முதல் தடவை மீறியவர் அறிவித்தல் கிடைத்து 30 நாட்களுக்குள் திருத்திக்கொண்டால் இழந்த அனுமதி நிரந்தரமாகத் திரும்பிவிடும் என்பதால், பணம் கேட்டு மிரட்டும் தொனி வேண்டாம். பெயர், உரிமம், மூலநிரல் மூன்றையும் கேளுங்கள். வழக்கென்று போனால் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றம் வரை அலைய வேண்டியிருக்கும், பஸ் செலவையும் கணக்கில் வையுங்கள். கடிதம் போகுமுன் அந்த நிறுவல் கோப்பின் பிரதியொன்றை ஆலைக்காரரிடம் வாங்கி வையுங்கள். பிரதியைப் பெற்றவர் என்ற வகையில் மூலநிரலைக் கேட்க அவருக்கும் வழியுண்டு. முக்கியமாக, கிட்ஹப்பில் அந்த ‘ஈரபத’த்தை இப்போதைக்குத் திருத்திவிடாதீர்கள்; அவர்கள் எடுத்தது உங்கள் நிரல்தான் என்பதற்கு அதுவே சாட்சி.

கல்முனை நிரலர்:
நாளை பென்டிரைவோடு போகிறேன். பற்றுச்சீட்டை மாமா பத்திரமாக வைத்திருக்கிறார்.