பொமரோல் 2010: இப்போதே திறக்கலாமா?

குழுவினருக்கு வணக்கம். பத்து ஆண்டுகளுக்கும் மேலாகப் படுக்க வைத்துப் பாதுகாத்துவரும் 2010ஆம் ஆண்டுப் பொமரோல் சிவப்பு ஒயின் பாட்டில் ஒன்றைப் பற்றி உங்கள் ஆலோசனை தேவைப்படுகிறது. பிரான்சின் போர்தோ பகுதியில், தொர்தோஞ் ஆற்றின் வலக்கரையில், லிபூர்ன் நகரை ஒட்டி ஏறத்தாழ 800 ஹெக்டேர் திராட்சைத் தோட்டங்களே கொண்ட பொமரோல் என்னும் சிற்றூரில், ஈரத்தைத் தேக்கிவைக்கும் குளிர்ந்த களிமண்ணில், கப்ரனே சோவிஞோன் வகைத் திராட்சைக்கு முன்பே பழுத்துவிடும் மெர்லோ வகைதான் பெரும்பாலும் பயிராகிறது. பக்கத்துச் செந்தெமிலியோனில் 1955 முதல் இருப்பதுபோன்ற ஒயின் தோட்டத் தரவரிசை எதுவும் பொமரோலுக்குக் கிடையாது. ஆகவே லேபிளைப் பார்த்து ஆயுளைக் கணிக்க என்னால் இயலவில்லை. (என்னுடையது பொமரோலின் மிக விலையுயர்ந்த ஒயினான பெத்ருஸ் அன்று, அதுவாக இருந்தால் இங்கே கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன், எப்போதோ விற்றிருப்பேன்.)

என் கவலை தக்கையைப் பற்றியது. மூடியுறையின் விளிம்பில் பிசுபிசுப்பான கருஞ்சிவப்புக் கறை தெரிகிறது; ஒயினின் மட்டமும் கழுத்திலிருந்து தோள்பகுதிவரை இறங்கியிருக்கிறது. கடந்த கோடையில் ஒயின் வைக்கும் குளிர்பெட்டி மூன்று வாரம் பழுதாகிக் கிடந்ததே காரணம் என்று ஊகிக்கிறேன். இனியும் வைத்திருப்பது வீணா? திறப்பதானால், வண்டல் அடியில் தங்க எத்தனை நாள் நிமிர்த்தி வைக்க வேண்டும்? இருக்கும் மணமும் போய்விடாதிருக்க, வேறு குடுவைக்கு மாற்றாமல் நேரே கோப்பையில் ஊற்றலாமா? இப்படிக் கசிந்த பாட்டிலைத் திறந்து பார்த்தவர்கள், சுவை எப்படி இருந்தது என்பதையும் சேர்த்து எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.