கேல் 40 நம்ம கடலுக்கு ஆகுமா?

கீழக்கரை காக்கா:
பழைய ஃபைபர் பாய்ப்படகுல எனக்கு முதல் இடம் கேல் 40-க்குத்தான். 1963-ல அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் பில் லாப்வொர்த் வரைஞ்சது. அதுவரைக்கும் பெரும்பாலும் நீள ஏராவோட (படகுக்கு அடியில தண்ணிக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்குற பாகம்) பின்முனையிலதான் சுக்கான் தொங்கும். இவர் ஏராவைக் குட்டையாக்கி, சுக்கானைத் தனியா பின்னால தள்ளி வச்சார். நீளத்துக்கு எடையும் கம்மி. பின்காத்துல அலைமேல ஏறி வழுக்கிக்கிட்டே ஓடும். 1965-ல லாஸ் ஏஞ்சல்ஸ்–ஹொனலுலு பந்தயம், 1966-ல பெர்முடா பந்தயம், ரெண்டையும் இந்த ரகம்தான் ஜெயிச்சுது. உள்ள படுக்கை, அடுப்பு எல்லாம் உண்டு. நம்ம கடல்லயும் இப்படி ஒண்ணு வேணும்.

தொண்டிக்காரன்:
ஓடும் காக்கா, கரைக்கு எப்படி வரும்? ஐந்தடி ஏழு அங்குலம் தண்ணிக்குள்ள இறங்கி நிக்கிற படகு. எங்க பக்கம் இடுப்பளவு தண்ணியிலயே எவ்வளவு தூரம் நடக்கலாம்னு உங்களுக்குத் தெரியாதா? எங்க நாட்டுப்படகு வத்தைன்னா நேரா மணல்ல ஏத்திடுவோம். ஆறே முக்கால் டன்னை எவன் தள்ளுறது?

கீழக்கரை காக்கா:
உங்க பாக் விரிகுடாவுக்கு ஏன் தம்பி கொண்டுவர்றீங்க? மன்னார் வளைகுடாவுல ஆழம் இருக்கு. நங்கூரம் போட்டுட்டு வள்ளத்துல கரைக்கு வரலாம். உங்க வத்தையில காத்து ஏறினா, படகு சாயாம இருக்கக் குறுக்குப் பலகையில ஆளுங்க ஏறி நிக்கணும். இதுல அந்த வேலையை ஏராவுல இருக்குற 2.7 டன் ஈயம் பார்க்கும். ரெண்டே பேர் ராத்திரி முழுக்க ஓட்டலாம்.

மண்டபம் மதினி:
வளைகுடான்னா தீவும் பாரும் (கடலடிப் பாறைத் திட்டு) இருக்கே காக்கா? தனியா தொங்குற சுக்கானுக்கு முன்னால காவலுக்கு ஒண்ணும் இல்ல. பவளப்பாருல ஒரு தட்டு, சுக்கான் போச்சு. பாருக்கும் கேடு. அது தேசியப் பூங்கா வேற.

கீழக்கரை காக்கா:
பாருக்கு வெளியே ஓட்டுறவனுக்கு அந்தப் பயம் எதுக்கு? தென்மேற்குலருந்து அடிக்கிற கச்சான் காத்துல தூத்துக்குடியிலிருந்து கிளம்பினா மண்டபம் வரைக்கும் பின்காத்துதான். இதுக்குன்னே செஞ்ச படகு.

தொண்டிக்காரன்:
திரும்பிப் போறது? அதுக்கு முன்னடி தட்டை, எதிரலையில டம்மு டம்முன்னு அறையும். வடகிழக்குலருந்து வாடைக்காத்து வர்ற வரைக்கும் மண்டபத்துலயே கட்டிப் போடுவீங்களா?

மண்டபம் மதினி:
கட்டிப் போடுங்க, வாடகை வாங்கிக்கிறோம். ஆனா காக்கா, அந்த ஆழத்துக்கு இங்க எந்தத் துறையில இடம் இருக்குன்னு முதல்ல சொல்லுங்க.