'பிளாக் டைம்': தேரிடம் கேட்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

விமானப் பயணத்தின் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடுகிறோமே, அதில் 'கிரேட் சர்க்கிள் டிஸ்டன்ஸ்' என்பதற்கு வைத்த 'பெருவட்டத் தூரம்' பற்றி இனிப் பேச வேண்டியதில்லை. பூமியின் மேல் இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழி. சொல் பொருளோடு ஒட்டுகிறது. சிக்கல் 'பிளாக் டைம்' என்னும் நேரத்தில்தான்.

காரைக்குடிப் பக்கத்து ஆட்களுக்கு மலேசியா போகத் திருச்சிதான் வாசல். திருச்சிக்கும் கோலாலம்பூருக்கும் பெருவட்டத் தூரம் சுமார் 2,700 கிலோமீட்டர். மணிக்கு 850 என்று வகுத்தால் மூணேகால் மணி நேரம்கூட ஆகாது. டிக்கெட்டிலோ ஏறக்குறைய நாலு மணி நேரம் இருக்கும் (அங்கே இரண்டரை மணி முந்தி என்பதைக் கழித்துவிட்டுத்தான் சொல்கிறேன்). ஓடுபாதை வரை உருண்டு போவது, ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவது, வானத்தில் வளைந்து வருவது, இறங்கியபின் நிறுத்துமிடம் வரை மறுபடி உருள்வது எல்லாம் அந்த மிச்ச நேரத்தில் அடக்கம். சக்கரத்துக்குக் கொடுத்த கட்டையை எடுத்ததிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் திரும்பக் கட்டை கொடுக்கும் வரை ஆவதுதான் பிளாக் டைம். தரையை விட்டு எழும்பித் தரையைத் தொடும் வரை உள்ளது மட்டுமே 'பறப்பு நேரம்'. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் பயணிக்குக் கணக்கு ஒருநாளும் ஒத்துவராது.

அண்ணன் முன்வைத்த 'தொகுதி நேரம்' இதனால்தான் சரிப்படாது. இங்கே பிளாக் என்பது கட்டை. அப்படியென்று அக்கா சொன்ன 'கட்டை நேரம்' என்றும் வைக்க முடியாது. எங்கள் ஊரில் கட்டை என்றால் குட்டை, குறைந்த நேரம் என்றே படிப்பார்கள்.

நான் சொல்வது 'நிலைசேர் நேரம்'. குன்றக்குடியிலும் பிள்ளையார்பட்டியிலும் தேர் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். முட்டுக்கட்டையை எடுத்து, வடம் பிடித்து, சக்கரத்தை ஒட்டியே நடந்து வருபவர்கள் மூலைக்கு மூலை கட்டை கொடுத்துத் தேரைத் திருப்பி, வீதி சுற்றி முடித்ததும் "தேர் நிலைக்கு வந்தாச்சு" என்பார்கள். நடுவே நின்ற நேரமும் திரும்பிய நேரமும் அதில் சேர்த்திதான். நமக்கு வேண்டிய பொருளும் அதுவே.

~

தம்பிக்கு,

நல்ல சொல். ஆனால் 'நிலைசேர்' என்பது சேரும் முனையை மட்டும் காட்டுகிறது. புறப்படும் முனை எங்கே? விமானிகள் கட்டை எடுத்த நேரத்தையும் கொடுத்த நேரத்தையும் தனித்தனியாகக் குறிக்கிறார்கள். முதலாவதை 'நிலைபெயர்வு', இரண்டாவதை 'நிலைசேர்வு' என்போம். மொத்தத்துக்கு 'நிலைக்கு நிலை நேரம்'. கொஞ்சம் நீளம்தான், ஆனால் ஆச்சிகளுக்கும் புரியும். அட்டவணையில் இடம் போதாதென்றால் உங்கள் சொல்லையே போடலாம்.

'பறப்பு நேரம்' அப்படியே இருக்கட்டும். லண்டன்–நியூயார்க் தூரம் போக வர ஒன்றுதான், சுமார் 5,500 கிலோமீட்டர். எதிர்க்காற்றால் மேற்கே போக ஏறத்தாழ ஒரு மணி நேரம் கூடுகிறது. காற்றின் பங்கைச் சொல்ல அந்தச் சொல் தனியாக வேண்டும்.