முதல் டிசம்பர் இருட்டு: குழந்தைகளோடு எட்மன்டன் வந்தவர்களுக்கு

கனடாவின் எட்மன்டனுக்குப் புதிதாகக் குடிவருபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வீடு, வங்கிக் கணக்கு, ஹெல்த் கார்டு பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். நான் டிசம்பர் இருட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன், எங்களுக்கு அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. நாலேகாலுக்கெல்லாம் சூரியன் போய்விடும். ஆறு வயது மகன் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பான். ஊருக்குப் போகலாமா என்று கேட்கப்போகிறான் என்று நான் பயந்துகொண்டிருக்க, அவன் கேட்டது, "அப்பா, இதைவிட தூரமா போக முடியுமா?"

சரி, போவோம் என்றேன். அன்றிலிருந்து இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு கற்பனைப் பயணம். அவனுக்கு ரொம்பப் பிடித்த இடம் பிஎச்2 பி: அன்னம் விண்மீன் தொகுதியில், சூரியனைப் போன்ற ஒரு விண்மீனை 282 நாளில் சுற்றிவரும், வியாழனை ஒத்த பெரிய வாயுக் கோள். தூரம் ஏறத்தாழ 1,100 ஒளியாண்டு, வாயேஜர் 1 விண்கலத்தின் வேகத்தில் போனால் கிட்டத்தட்ட இரண்டு கோடி வருடம், அதனால் வண்டியைப் பற்றி யோசிக்காமல் நேராக இறங்கிவிடுவோம்.

இறங்கினால் நிற்கத் தரை கிடையாது. வியாழனைப் போல உறைகிற குளிர் அங்கே இல்லாததால் மேகங்கள் பெரும்பாலும் நம் ஊர் மழைமேகம் மாதிரி நீராலானவையாக, வெள்ளை வெளேரென்று இருக்கும். கீழே போகப்போக அழுத்தமும் சூடும் ஏறும். 1995-ல் வியாழனுக்குள் விழுந்த கலிலியோ ஆய்வுக்கலமே சுமார் ஒரு மணி நேரத்தில் அடங்கிவிட்டது. அதனால் மேகத்துக்கு மேலேயே மிதக்க வேண்டும். ஹீலியம் பலூன் உதவாது, அங்கே காற்றே பெரும்பாலும் ஹைட்ரஜன்தான், அதைவிட லேசான வாயு ஏது? அந்தக் காற்றையே பிடித்துச் சூடாக்கிப் பலூனில் நிரப்பணும். இதை அடுப்பு மேல் எழும் ஆவியைக் காட்டித்தான் அவனுக்குப் புரியவைத்தேன்.

தங்குவதற்கு நிலவுதான் சரி. வியாழனுக்கு அதன் நிலவான அயோ இருக்கும் தூரத்தில் அங்கேயும் ஒன்று இருந்தால், அதிலிருந்து பார்க்கும்போது அந்தக் கோள் நம் நிலாவைப்போல 30 மடங்குக்கு மேல் அகலமாக, உதிக்காமல் மறையாமல் ஒரே இடத்தில் தொங்கியபடி தேய்ந்து வளரும். தன் கட்டிலை அதற்கு நேராகப் போடச் சொன்னான். 282 நாளே ஒரு வருடம் என்ற அந்த ஊர்க் கணக்கில் அவனுக்கு ஏழு வயது முடிந்துவிட்டது என்றதும் இரண்டு நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். அங்கிருந்து இன்று பூமியைப் பார்த்தால் தெரிவது 1,100 வருடத்துக்கு முன்பு கிளம்பிய, முதலாம் பராந்தக சோழன் காலத்து வெளிச்சம் என்றேன், அதற்குப் பேச்சே இல்லை.

அப்புறம், இந்தக் கோளைக் கண்டுபிடித்ததில் வீட்டிலிருந்தபடியே கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி அளந்த விண்மீன் ஒளியின் ஏற்ற இறக்க வரைபடங்களைப் பார்த்த சாதாரணத் தன்னார்வலர்களுக்குப் பெரிய பங்கு உண்டு, 2013-ல் அறிவித்தார்கள். தன்னார்வலர்கள் அறிவியலுக்கு உதவும் ஜூனிவர்ஸ் இணையதளத்தில் பிளானட் ஹன்டர்ஸ் டெஸ் என்று தேடுங்கள், அது டெஸ் என்ற இன்னொரு தொலைநோக்கியின் தரவில் இதே மாதிரி கோள் தேடும் திட்டம், பட்டமோ பெர்மிட்டோ கேட்க மாட்டார்கள். வேலை கிடைக்காமல் வீட்டிலிருந்த மாதங்களில் என் மனைவியைத் தாங்கியது அதுதான்.

டிசம்பரில் ராத்திரி எட்டு மணிக்குப் பிள்ளைக்குக் கையுறை மாட்டி வெளியே கூட்டிப்போங்கள். மேற்கே அன்னம் சிலுவை மாதிரி நிமிர்ந்து நிற்கும், உச்சியில் டெனப் என்ற பிரகாசமான விண்மீன். நம் கோள் சுற்றும் விண்மீன் வெறும் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அந்தப் பக்கம்தான்.