ஏசிக்கு மூன்று தரம் காஸ் அடித்த கதை

கொக்குவிலான்

அப்பா பாரிசவாதம் வந்து படுக்கையில் விழுந்த வருடந்தான் எங்கள் வீட்டுக்கு ஏசி வந்தது. அதற்கு முதல் அந்த எண்ணமே எங்களுக்கு இருந்ததில்லை. பழைய ஓட்டு வீட்டுக்கு விறாந்தைக் காற்றும் வேப்ப மர நிழலும் போதும். புது வீடு கொங்கிறீற் கூரை. பகல் முழுக்கக் குடித்த வெயிலை இரவு பதினொரு மணி மட்டும் அறைக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். சித்திரை வெக்கையில் அப்பாவின் முதுகு வேர்த்துச் சிவக்கத் தொடங்கியது. "இப்பிடியே விட்டா படுக்கைப் புண் வரும், அறையைக் குளிரா வச்சிருங்கோ" என்று வீட்டுக்கு வந்து பார்க்கிற தாதி சொன்னார். அடுத்த கிழமையே 12,000 பீ.ரி.யூ (குளிராக்குகிற வலுவின் அளவு) இன்வேட்டர் ஏசி ஒன்று வாங்கிப் பூட்டினோம்.

முதல் ஐந்து மாதமும் ஒரு குறையில்லை. பிறகு காற்று வரும், குளிர் வராது. பூட்டிய ஆளைக் கூப்பிட்டோம். மீற்றரைக் கொழுவிப் பார்த்துவிட்டு, "காஸ் இறங்கீட்டுது அண்ணை, அடிச்சுவிட்டாச் சரி" என்றார். அடித்தார், குளிர்ந்தது. நாலு மாதத்தில் திரும்ப அதே கதை, அதே பதில். மூன்றாம் தரம் அடித்த காஸ் ஏழு கிழமைதான் நின்றது. மூன்று தரமும் காசு கொடுத்தேன். காசு போனது கூடப் பெரிதில்லை. அந்த ஏழாவது கிழமை இரவு அப்பாவுக்கு நானும் அம்மாவும் மாறி மாறி விசிறிக்கொண்டு இருந்தோம், அதைத்தான் மறக்க முடியவில்லை.

வவுனியாவில் இதே தொழில் செய்கிற என் மச்சான் ஒரு செத்தவீட்டுக்கு வந்த இடத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவன் கேட்ட முதல் கேள்வி: "மூண்டு தரம் அடிச்சவர், எங்கால போகுதெண்டு ஒருதரமாவது பாத்தவரே?"

பிறகு இருத்திவைத்து விளங்கப்படுத்தினான். மோட்டார் சைக்கிளில் பெற்றோல் எரிந்து தீருகிற மாதிரி ஏசியில் காஸ் தீராது. அது மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஊசி போட முதல் தாதி கையில் ஸ்பிரிட் பூசும்போது சில்லிடுகிறதே, அதே சங்கதிதான். ஸ்பிரிட் ஆவியாகிற நேரம் தோலில் இருக்கிற சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அறைக்குள் இருக்கிற கொயிலில், அதாவது வளைந்து வளைந்து ஓடுகிற குழாயில், திரவம் ஆவியாகி அறையின் சூட்டை எடுக்கிறது. வெளியே கொம்பிறசர் அந்த ஆவியை அமத்துகிறது, அது கொதிக்கக் கொதிக்க வெளிக் கொயிலுக்குப் போய்ச் சூட்டை முற்றத்துக் காற்றில் விட்டுவிட்டுத் திரும்பத் திரவமாகிறது. பிறகு ஒரு சின்னத் துவாரத்தால் நுழைந்து அமுக்கம் விழுந்து, குளிர்ந்து, உள்ளே வருகிறது. ஏசி குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கிற சூட்டைக் காவிக்கொண்டுபோய் வெளியே கொட்டுகிறது. காவுகிற காஸ் குறைந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

ஏசியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டான். ஓடாமல் நிற்கும்போது குளிர்ப் பக்கத்துக் குழாயில் அமுக்கம் கூடுமாம், ஒழுக்குப் பிடிக்க லேசு. ஐஸ்கிறீம் கப் ஒன்றில் பாத்திரம் கழுவுகிற சவர்க்காரத் திரவத்தைத் தண்ணீரோடு அடித்து நுரையாக்கி, பெயின்ற் பிறஷால் தொட்டு வெளி யூனிற்றின் இரண்டு நட்டிலும் பூசினான். ஒன்றுமில்லை. உள்ளே வந்து சுவர் யூனிற்றைச் சற்றுத் தூக்கி, குழாயில் சுற்றியிருந்த வெள்ளை ரேப்பை வெட்டினான். ரேப்பின் உள்பக்கம் கறுத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. "இதைத்தான் தேடினனான். காஸோட கொம்பிறசர் எண்ணெயும் சேர்ந்து ஓடும். காஸ் கண்ணுக்குத் தெரியாது, எண்ணெய் தெரியும்" என்றான்.

மெல்லிய குழாயின் நட்டில் நுரையைத் தடவினான். ஒரு நிமிடம் அசைவில்லை. பிறகு கடுகளவில் ஒரு குமிழி வந்தது. பார்த்துக்கொண்டு நிற்க அது உழுந்தளவாகி, கடலையளவாகி உடைந்தது. அதே இடத்தில் அடுத்த கடுகு. அந்த ஒரு குமிழிக்குள்தான் எங்கள் ஒரு வருடக் காசும் போயிருக்கிறது.

குழாயின் வாயை விரித்த விதம் பிழை. பிசிறை வழிக்காமல் விரித்ததால் ஒரு பக்கம் மயிரிழை போல வெடிப்பு. அந்தத் துண்டை வெட்டி எறிந்து, புதிதாய் விரித்துப் பூட்டி, நைதரசன் அடித்து அமுக்கம் இறங்குகிறதா என்று பார்த்தான். பிறகு வக்யூம் பம்பை நாற்பது நிமிடம் ஓடவிட்டான். குழாய்க்குள் ஈரம் மிஞ்சினால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கொம்பிறசரைத் தின்னும். கடைசியாகத் தராசில் போத்தலை வைத்து, யூனிற்றின் லேபிளில் எத்தனை கிராம் என்று போட்டிருந்ததோ அத்தனை கிராம் ஆர்-32 காஸ் விட்டான். முன்பு மூன்று தரமும் தராசையும் நான் காணவில்லை, வக்யூம் பம்பையும் காணவில்லை.

இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் ஒருதரமும் காஸ் அடிக்கவில்லை. உங்கள் வீட்டு அனுபவங்களையும் எழுதுங்கோ, கட்டாயம் ஆருக்காவது உதவும்.

திருநெல்வேலிப் பிள்ளை

எங்களுக்கு நடந்தது இரவு இரண்டு மணிக்கு. மகளின் கட்டிலில் தண்ணீர் சொட்டியது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்தோம், வெளியே மழையே இல்லை. ஏசிக்குள்ளிருந்துதான் வந்தது. இவர் காஸ் கூடிப்போனது என்றார், மாமா குறைந்துபோனது என்றார்.

காலையில் வெளிச் சுவருக்குப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் வடிகிற பிளாஸ்ரிக் குழாயின் நுனியில் குளவி மண்கூடு கட்டியிருந்தது! விரல் நுனி அளவு ஓட்டையைச் சாந்து பூசின மாதிரி அடைத்து வைத்திருக்கிறது. வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்று அம்மம்மா அதைத் தொடவும் விடமாட்டா, ஆனால் இந்த இடத்தில் வேறு வழியில்லை. ஈர்க்கால் குத்தி எடுத்தேன். தேங்கி நின்ற தண்ணீர் பாய்ந்து வந்தது, பின்னால் பச்சைப் பாசியும் வழுவழுவென்று வந்தது.

எங்கள் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரம் குளிர்ந்த கொயிலில் பட்டு நீராகி ஓடுகிறது. வெளியே போக வழியில்லை என்றால் உள்ளேதான் விழும். இப்போது குழாய் நுனியில் நுளம்பு வலைத் துண்டு ஒன்றைக் கட்டியிருக்கிறேன். வலையிலும் பாசி பிடிக்கும், மாதம் ஒருதரம் கழற்றிக் கழுவ வேணும்.

முனைக் காற்று

பருத்தித்துறை, கடலுக்கு இருநூறு மீற்றர். வெளி யூனிற்றைக் கடல் பார்த்த சுவரில் பூட்டினோம், அங்கே காற்று நல்லாய் வரும் என்று. மூன்று வருடத்தில் அதன் அலுமினியத் தகடுகள் பொரித்த அப்பளம் மாதிரி, விரல் பட்டவுடன் உதிர்ந்தன. உப்பு. தகடு இல்லாவிட்டால் சூடு வெளியேறாது, கொம்பிறசர் கொதித்து நின்று நின்று ஓடும்.

புதியதை வீட்டின் பின் பக்கம், காணி பார்த்த சுவரில் பூட்டினோம். மாதம் ஒருக்கால் பூவாளியால் மெதுவாகத் தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவுகிறேன். காரைக் கழுவுகிற அமுக்கப் பம்பைப் பிடிக்கக் கூடாது, தகடு மடிந்து காற்றுப் போகிற இடைவெளி மூடிவிடும். இன்னொன்று, எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள்ளால் வருகிற தண்ணீர். கேத்திலின் அடியில் படிகிற அந்த வெள்ளை, கொயிலிலும் படியும். அதனால் மாரியில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர் இருக்கும் மட்டும் அதையே பாவிக்கிறேன்.

பக்கத்து வீட்டில் வடிவுக்காக வெளி யூனிற்றைச் சுற்றி சீற் அடித்துப் பெட்டி மாதிரி மூடிவிட்டார்கள். விட்ட சூட்டையே அது திரும்ப இழுக்கிறது. நிழல் நல்லது, அடைப்பு நல்லதல்ல.

ஸ்காபரோ அக்கா

நான் மானிப்பாய். இங்கே கனடாவில் எங்கள் பிரச்சினை மறுபக்கம். போன தை மாதம், வெளியே மைனஸ் 20. ஃபேர்னஸ் (வீட்டைச் சூடாக்குகிற எரிவாயு அடுப்பு) எரியத் தொடங்கி நாலைந்து நிமிடத்தில் நிற்கும், காற்று மட்டும் வரும், பிறகு திரும்ப எரியும். பிள்ளைகள் ஜக்கெற்றோடு படுத்தார்கள். வந்தவர் பில்டரை இழுத்து எடுத்தார். சாம்பல் நிறக் கம்பளி போலத் தூசி. காற்றுப் போதாமல் உள்ளே சூடு அளவுக்கு மீறினதும் பாதுகாப்புச் சுவிச் எரிவாயுவை நிறுத்தியிருக்கிறது. பழுது ஒன்றுமே இல்லை, பில்டர்தான். இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருதரம் மாற்றுகிறேன்.

இங்கே இருக்கிறவர்களுக்கு ஒரு சொல்: சுவருக்கு வெளியே நீட்டி நிற்கிற வெள்ளைக் குழாய்களைப் பனி மூடாமல் பாருங்கோ. ஒன்று காற்றை எடுக்கிறது, மற்றது எரிந்த புகையை விடுகிறது. கார்பன் மொனொக்சைட் அலாரத்தின் பற்றரியையும் பாருங்கோ. அந்த வாயுவுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை.

ஸ்பனர் தம்பி

நான் யாழ்ப்பாணத்தில் இந்தத் தொழிலில் பதினொரு வருடம். கொக்குவில் அண்ணை எழுதினதை வாசிக்க எனக்கு மனவருத்தமாக இருந்தது, ஏனென்றால் அப்படி நடக்கிறது உண்மை. ஒழுக்குத் தேட இரண்டு மணித்தியாலம் போகும். காஸ் அடிக்க இருபது நிமிடம். வீட்டுக்காரரும் பல பேர், "தம்பி, இப்ப குளிர்ந்தாச் சரி" என்றுதான் சொல்லுவினம். தயவுசெய்து அப்படிச் சொல்லாதேங்கோ. திரும்பி வருகிற குளிர்ந்த காஸ்தான் கொம்பிறசரையும் குளிராக்குகிறது. காஸ் குறைவோடு ஓடவிட்டால் அது சூடாகிக் கருகும். வெளியே போகிற காஸும் லேசானதல்ல. ஆர்-32 ஒரு கிலோ, நூறு வருடக் கணக்கில் காபனீரொட்சைட் 675 கிலோவுக்குச் சமமாய்ப் பூமியைச் சூடாக்கும்.

குளிர் குறைந்தாலே காஸ் என்று முடிவுகட்டவும் வேண்டாம். எனக்கு வருகிற அழைப்பில் பாதி, பில்டர் கழுவாத வீடுகள். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசுகிற மாதங்களில் எங்கள் ஒழுங்கைப் புழுதி இரண்டு கிழமையில் பில்டரை மூடிவிடும். காற்றுப் போகாவிட்டால் கொயிலில் ஐஸ் பிடிக்கும், ஐஸ் பிடித்தால் காற்று இன்னும் போகாது. கழற்றி, தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்திப் பூட்டுங்கோ. அதற்கு என்னைக் கூப்பிடத் தேவையில்லை.

பல்லியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. வெளி யூனிற்றின் போட் (மின்சுற்றுப் பலகை) பெட்டிக்குள் சூட்டுக்காகப் போய் இருக்கும், இரண்டு முனையில் ஒரே நேரம் பட்டால் பல்லியும் போச்சு, போட்டும் போச்சு. வயர் நுழைகிற ஓட்டையை அடைத்து வையுங்கோ. கரண்ட் நின்று வந்தால் உடனே போடாமல் ஐந்து நிமிடம் பொறுங்கோ. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற காலத்தில், திரும்பி வருகிற அந்த முதல் அடியில் எரிந்த போட்டுகளை நான் கைநிறைய மாற்றினேன்.

கொக்குவிலான்

எழுதின எல்லாருக்கும் நன்றி. தம்பி, பல்லி ஓட்டையை இன்றைக்கே அடைத்துவிட்டேன், உள்ளே இரண்டு முட்டை இருந்தது.

அப்பாவைப் பற்றித் தனியாகக் கேட்ட அக்காவுக்கு: ஏசியை 26 பாகையில் வைத்து மின்விசிறியையும் மெதுவாக விடுகிறோம், அவருக்கு அதுதான் பிடித்திருக்கிறது. இப்போது பின்னேரத்தில் கதிரையில் இருத்தி விறாந்தைக்குக் கொண்டுவருகிறோம். முதுகு சுகம். புண் வரவில்லை.