கதிர் வைத்து மூன்று மாதம், ஸ்கேனில் வெள்ளையாகத் தெரிகிறது. நோய் திரும்பிவிட்டதா?

ஹட்டன் மகன்
அப்பாவுக்கு வலது நுரையீரலில் புற்றுநோய். மகரகம புற்றுநோய் மருத்துவமனையில் கதிர் வைத்து முடிந்து மூன்று மாதமாகிறது. இரண்டு வாரமாக வறட்டு இருமல், எங்கள் லயத்து (தோட்டக் குடியிருப்பு) படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. சீ.டி. எடுத்தோம், கதிர் வைத்த இடத்தில் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறதாம். அடுத்த கிளினிக்குக்குப் பத்து நாள் இருக்கிறது. புற்றுநோய் இருக்கும் இடத்தைப் பளிச்சென்று காட்டுமாமே, அந்தப் பெட் ஸ்கேனைக் கடன் வாங்கியாவது கொழும்பில் எடுக்கவா?

கண்டி ரேடியோகிராபர்
தம்பி, கடன் வாங்க அவசரப்படாதீர்கள். கதிர் முடிந்து ஆறு மாதத்துக்குள் அந்த இடம் புண்ணாகி அழற்சி வருவது அடிக்கடி நடப்பதுதான், பெட்டில் அதுவும் புற்றுநோய் போலவே பளிச்சென்று தெரியும், இப்போது எடுத்தால் குழப்பம்தான் கூடும். சாதாரண நிமோனியா பெரும்பாலும் நுரையீரலின் ஒரு மடலுக்குள், அதாவது ஒரு பகுதிக்குள், நிற்கும். கதிர்ப் புண் அப்படியில்லை, கதிர் போன பாதையிலேயே மடலையும் தாண்டி, ஓரம் கோடு போட்ட மாதிரி நேராக நிற்கும். ஆறு மாதத்துக்கு அப்புறம் மெல்லச் சுருங்கித் தழும்பாகும். ஒரு வருடம் கழிந்தும் அது பெருத்தால், ஓரம் வெளியே உப்பினால், உள்ளே கறுப்பாகத் தெரிந்த மூச்சுக்குழாய்கள் அடைபட்டுப் போனால் அப்போது சந்தேகப்படுவார்கள். ஆனால் மூச்சு வாங்குகிறது என்கிறீர்களே, பத்து நாள் பார்க்க வேண்டாம், நாளைக்கே கூட்டிப் போங்கள்.

பதுளை அக்கா
என் வீட்டுக்காரருக்கும் இதேதான். கதிர் வைத்ததைச் சொல்லாமல் பக்கத்தில் ஓரிடத்தில் காட்டினோம், சளி என்று இரண்டு தரம் ஆன்டிபயாட்டிக் தந்தார்கள், ஒரு மாதம் வீணாகப் போனது. கிளினிக் கொப்பி, பழைய சீ.டி. படம், கதிர் தொடங்கிய நாள், முடிந்த நாள் எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள். பழைய படம் இல்லாமல் புதுப் படத்தை மட்டும் வைத்து யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்புறம், அழற்சியைக் குறைக்கும் ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தந்தால் இருமல் நின்றதும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நாங்கள் நிறுத்தினோம், ஒரு வாரத்தில் திரும்ப வந்தது. வாரக் கணக்கில் மெல்லத்தான் குறைப்பார்கள்.

ஹட்டன் மகன்
இன்று போனோம் அக்கா. டொக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கதிர்ப் புண் மாதிரித்தான் இருக்கிறது என்றார். காசநோய் இல்லையென்று உறுதிப்படுத்தச் சளியும் எடுத்தார்கள். நீங்கள் சொன்ன மாத்திரைதான் தொடங்கியிருக்கிறார்கள், ஆறு வாரத்தில் மறுபடி சீ.டி. அப்பாவுக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு) இருக்கிறது, இந்த மாத்திரையால் சீனி ஏறுமா?

பதுளை அக்கா
ஏறும், இவருக்கு நன்றாக ஏறியது. சீனி இருப்பதை டொக்டரிடம் சொன்னீர்களா? சொல்லாவிட்டால் காலையிலேயே போய்ச் சொல்லுங்கள் தம்பி.