பெருந்தொற்றுக் காலத்தில் டிஜிட்டல் அடையாள நியமப் பணிகள் எவ்வாறு தொடர்ந்தன?

உவர்மலை வாசகர்:
வணக்கம். 2021 மே மாதத்தில் திருகோணமலையில் நாம் கடைக்குச் செல்லும் நாளைக்கூட அடையாள அட்டையின் இறுதி இலக்கமே தீர்மானித்தது. நேரில் கூட முடியாத அந்தக் காலத்தில், ஓப்பன்ஐடி அறக்கட்டளை போன்ற அமைப்புகள் இணையத்தில் ஒருவர் யார் என்பதை உறுதிசெய்வதற்கான பொது விதிகளான டிஜிட்டல் அடையாள நியமங்களை எவ்வாறு உருவாக்கின?

மூதூர் கணினி ஆசிரியர்:
இவற்றின் பணிக்குழுக்கள் முன்பிருந்தே தொலைபேசிக் கூட்டங்களிலும் மின்னஞ்சல் குழுக்களிலும் இயங்கியதால், வரைவு எழுதும் வேலை பெரிதாகத் தடைப்படவில்லை. நிதித் தரவுப் பகிர்வைப் பாதுகாக்கும் ஃபாப்பி 1.0 நியமத்தை ஓப்பன்ஐடி உறுப்பினர்கள் 2021 மார்ச்சில் வாக்களித்து இறுதியாக்கினர்; கடவுச்சொல்லின்றி உள்நுழைய உதவும் வெப்ஆத்தென் நியமத்தின் இரண்டாம் நிலையை, இணைய நியமங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி மறுமாதமே பரிந்துரையாக, அதாவது இறுதி நியமமாக, வெளியிட்டது. பாதிப்பு, இத்துறையினர் ஒன்றுகூடிப் பழகும் சமூகப் பணியில்தான் நேர்ந்தது என்பது என் கணிப்பு. வழக்கமாகக் கலிபோர்னியாவில் கூடும் இணைய அடையாளப் பட்டறை 2020 ஏப்ரலில் இணையவழிக்கு மாறியது. பயணச் செலவின்றி நம்மவர்களும் இணையக்கூடியதாயிற்று, ஆனால் அங்கு காலை ஒன்பது மணி என்றால் இங்கு இரவு ஒன்பதரை! இடைவேளைத் தேநீரில் பிறக்கும் அறிமுகங்களும் இல்லாமற் போயின.

கிண்ணியா வாசகர்:
தடுப்பூசிச் சான்றுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சரிபார்க்கத்தக்க சான்றுகளுக்கான (உண்மைத்தன்மையைக் கணினியே சோதிக்கக்கூடிய டிஜிட்டல் சான்றுகளுக்கான) தரவு மாதிரியை டபிள்யூ3சி 2019 நவம்பரிலேயே வெளியிட்டிருந்தும், 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் கோவிட் சான்று, டிஜிட்டல் முறையில் கையொப்பமிட்ட கியூஆர் குறியீட்டுக்குத் தனி வடிவத்தையே கையாண்டது. நியமம் முன்கூட்டியே இருந்தால் மட்டும் அரசுகள் அதை ஏற்றுக்கொள்வதில்லை.

உவர்மலை வாசகர்:
மிக்க நன்றி. அந்தக் கியூஆர் சான்று உரியவருடையதுதான் என்பதை எவ்வாறு உறுதிசெய்தார்கள்?

கிண்ணியா வாசகர்:
அதிலுள்ள பெயரையும் பிறந்த திகதியையும் கடவுச்சீட்டுடனோ அடையாள அட்டையுடனோ ஒப்பிட்டுத்தான்.